பழைய வண்டியும் படிந்த துருவும்: குரோமியப் பூச்சைக் காக்கும் முறை

மும்பையில் ஜூன் மாதம் பிறந்து மழை நிலைகொண்ட சில நாள்களிலேயே, பழைய இருசக்கர வாகனங்களை வைத்திருப்போர்க்குக் கவலை தொடங்கிவிடுகிறது. முந்தைய வாரம் வரை கண்ணாடிபோல் ஒளிர்ந்த கைப்பிடித் தண்டிலும், முகப்பு விளக்கின் வளையத்திலும், சக்கரத்தின் ரிம்மிலும் கடுகளவு செம்புள்ளிகள் தோன்றுகின்றன. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல, தந்தையோ பாட்டனாரோ ஓட்டிய வண்டியை இன்றும் விற்க மனமின்றிப் பாதுகாத்து வருகின்றன. அந்த வண்டிகளின் பளபளப்பை மீட்பது எவ்வாறு, எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இவ்வண்டிகளுக்கும் நமக்குமுள்ள தொடர்பு நெடியது. 1955-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர்த் தொழிற்சாலை, 'புல்லட்' என்னும் பெயரை நாடெங்கும் பரப்பியது. மைசூரில் 1960-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனத்தின் வண்டிகள், எரிபொருள் கலத்தின் இருபுறமும் மின்னிய குரோமியப் பரப்பினால் தனித்து அறியப்பட்டன. லாம்பிரெட்டா ஸ்கூட்டரை இந்தியாவுக்குத் தந்த ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனமோ 1949-இல் மும்பையிலேயே தோன்றியது. பின்னாளில் அது சென்னைத் தொழிலதிபர் எம். ஏ. சிதம்பரத்தின் குழுமத்தைச் சேர்ந்தது. சேப்பாக்கம் விளையாட்டரங்கம் தாங்கி நிற்பது அவர் பெயரையே.

துருப்பிடிப்பது எது?

'குரோமியம் துருப்பிடித்துவிட்டது' என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். உண்மையில் குரோமியம் துருப்பிடிப்பதில்லை. காற்று பட்டவுடன் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, அதுவே கவசமாகிவிடுகிறது. நாம் காணும் செந்நிறம் அடியிலுள்ள இரும்பிலிருந்து கசிந்து வெளிவருவது.

குரோமியப் பூச்சு என்பது ஒரே அடுக்கு அன்று. எஃகின் மேல் முதலில் செம்பு பூசுவதுண்டு. அதன் மேல் நிக்கல் அமைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளதே குரோமியம். நல்ல வேலைப்பாட்டில் நிக்கல் அடுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 மைக்ரான் தடிமன் இருக்கும். குரோமியமோ பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் குறைவு. மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் துணிகொண்டு தேய்க்கும் பரப்பு எத்துணை மெல்லியது என்பது விளங்கும். நீரைத் தடுத்து எஃகைக் காப்பது பெருமளவு நிக்கலே. நிக்கல் மங்காமலும் கீறல் விழாமலும் காப்பது குரோமியத்தின் பணி.

இவ்வமைப்பில் ஒரு குறை உண்டு. துத்தநாகம் பூசிய தகட்டில் கீறல் விழுந்தால், துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. நிக்கலும் குரோமியமும் அவ்வாறு செய்வதில்லை. ஊசிமுனையளவு துளை ஏற்பட்டு அதில் ஈரம் புகுந்தால், மின்வேதி வினையில் அரிபடுவது இரும்பே. துரு, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலடுக்கைக் கொப்புளம்போல் தூக்கிவிடுகிறது. மும்பையின் கடற்காற்றில் கலந்துள்ள உப்பு இவ்வினையை விரைவுபடுத்துகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையோ, நான்கு மாதங்கள் அந்த உப்பு உலர வாய்ப்பளிப்பதில்லை.

முதலில் நிலையை அறிதல்

சிகிச்சைக்கு முன் நோயை அறிய வேண்டும் என்பது இங்கும் பொருந்தும். சிறு காந்தம் ஒன்றைப் பாகத்தின் மேல் வைத்துப் பார்த்தல் நன்று. ஒட்டினால் அது எஃகின் மேலமைந்த பூச்சு. ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் மெருகேற்றிய அலுமினியமாக இருக்கும். புல்லட்டின் எஞ்சின் மூடிகள் அத்தகையவை. அவற்றுக்குப் பின்வரும் முறைகள் பொருந்தா. குறிப்பாக அமிலமும் காரமும் அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும். வெளியேற்றுக் குழாயின் தொடக்கத்தில் தோன்றும் நீலமும் பழுப்புமான நிறமும் துரு அன்று. அது வெப்பத்தினால் நேர்ந்த நிறமாற்றம்.

துருவை மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம். நகத்தால் வருடும்போது பரப்பு வழவழப்பாக இருந்து, செம்புள்ளிகள் மட்டும் தென்பட்டால் அது முதல் நிலை. கொப்புளங்கள் எழுந்து, ஓரங்கள் உரியத் தொடங்கியிருந்தால் இரண்டாம் நிலை. எஃகே அரிபட்டு மெலிந்திருந்தால் மூன்றாம் நிலை. முதல் நிலையை வீட்டிலேயே சரிசெய்யலாம். இரண்டாம் நிலைக்கு மறுமுலாம் தேவை. மூன்றாம் நிலையில், அது சக்கரத்தின் ரிம்மாகவோ கைப்பிடித் தண்டாகவோ இருந்தால், அப்பாகத்தை மாற்றுவதே அறிவுடைமை. உயிரைத் தாங்கும் பாகத்தில் அழகுக்கு முதலிடம் இல்லை. ரிம்மில் ஆரக்கம்பிகளின் திருகுகள் பொருந்தும் துளைகளையும், டயரைக் கழற்றி உட்புறத்தையும் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

வேலையை மென்மையான முறையில் தொடங்கி, தேவைக்கேற்ப மட்டுமே அடுத்த படிக்குச் செல்வது நல்லது.

முதற்படி கழுவுதல். மணல் துகள் ஒட்டியிருக்கையில் தேய்த்தால் துணியே உப்புத்தாளாகிவிடும். சோப்பு நீரில் கழுவி, நன்னீரில் அலசி, முற்றிலும் உலர்த்த வேண்டும். பின் துருவுள்ள இடங்களில் மெல்லிய இயந்திர எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டுவைக்கலாம்.

அடுத்து, உணவுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாள். ஒரு துண்டைக் கசக்கி, நீரில் நனைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். குரோமியம் மிகக் கடினமான உலோகம். அலுமினியம் அதனினும் பன்மடங்கு மென்மையானது. ஆதலால் நல்ல நிலையிலுள்ள பரப்பில் கீறல் விழாது. துரு மட்டும் பழுப்புநிறச் சேறாக வெளிவரும். அதை உடனுக்குடன் துடைத்தெடுக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் கரடுமுரடான கம்பிநாரைப் பயன்படுத்தலாகாது.

எஞ்சிய துருவுக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், உதவும். மும்பை மளிகைக் கடைகளில் 'நிம்பு கா ஃபூல்' என்று கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் கரைத்து, துணியை நனைத்துத் துருவுள்ள இடத்தில் சுற்றி, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கும் நம் வீட்டு வழக்கத்திலும் இதே போன்றதொரு மெல்லமிலமே வேலை செய்கிறது. வேலை முடிந்ததும் சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, அலசி, உடனே உலர்த்த வேண்டும். அமிலம் தங்கிய இடத்தில் மறுநாளே புதிய துரு எழும்.

கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் எக்காரணத்தாலும் கையாளக் கூடாது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தையே கரைத்துவிடும். முலாம் பட்டறைகளில் பழைய குரோமியத்தை நீக்கப் பயன்படுவதும் அந்த அமிலமே. அதன் ஆவிகூட அருகிலுள்ள இரும்புப் பொருள்களைத் துருப்பிடிக்கச் செய்யும்.

துரு நீங்கிய இடத்தில் நுண்குழிகள் எஞ்சும். அவற்றை எம்முறையாலும் மறைக்க இயலாது. கார்களுக்குப் பூசும் மெழுகைத் தடவி அக்குழிகளை அடைத்தால், ஈரம் புகாமல் தடுக்கலாம். ஓரடி தொலைவில் தெரியாத புள்ளிகளைப் பொறுத்துக்கொள்வது, எஞ்சிய பூச்சைத் தேய்த்தே அழிப்பதைவிட மேலானது. ஐம்பதாண்டு கண்ட அசல் முலாம் ஒருமுறை அகற்றப்பட்டால் மீண்டும் வாராது.

பட்டறைக்குச் செல்லும்போது

கொப்புளம் கண்ட பாகத்துக்கு மறுமுலாமே வழி. அங்கு நிகழ்வதை அறிந்திருந்தால், தரத்தையும் செலவையும் நாமே மதிப்பிட இயலும். பழைய குரோமியமும் நிக்கலும் முதலில் நீக்கப்படுகின்றன. பின் துரு அகற்றி, ஒடுக்கெடுத்து, சுழலும் துணிச்சக்கரத்தில் எஃகைக் கண்ணாடிபோல் மெருகேற்றுகின்றனர். பஃபிங் எனப்படும் இவ்வேலைதான் நெடுநேரம் பிடிப்பது. அதன்பின் எண்ணெய்ப் பசை நீக்கி, நிக்கல் தொட்டியில் அரைமணி நேரமோ அதற்கு மேலோ இருத்துகின்றனர். இறுதியாகக் குரோமியத் தொட்டியில் இருப்பது சில நிமிடங்களே. பளபளப்பைத் தருவது தொட்டி அன்று, மெருகேற்றுபவரின் கை. எஃகில் உள்ள ஒவ்வொரு கீறலையும் முலாம் அப்படியே காட்டிக்கொடுக்கும்.

மலிவான வேலையில் குறைக்கப்படுவது நிக்கல். புதிதாக இருக்கையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஓரிரு மழைக்காலம் கடந்த பின்னரே தெரியும். ஆகவே 'எவ்வளவு ரூபாய்?' என்பதற்கு முன் 'நிக்கல் எத்தனை மைக்ரான்?' என்று கேட்க வேண்டும். பாகங்களின் எண்ணிக்கையையும் நிழற்படங்களையும் இணைத்து, கூலியையும் தடிமனையும் எழுத்தில் பெறுவது இருதரப்புக்கும் நல்லது.

மூன்று பாகங்களில் தனிக்கவனம் தேவை. எரிபொருள் கலத்தைப் பட்டறைக்கு அனுப்புமுன் பெட்ரோலை வடிப்பது மட்டும் போதாது. காலியான கலத்தில் எஞ்சும் ஆவியே வெடிக்கக்கூடியது. அதை முற்றிலும் நீக்கித் தூய்மை செய்த பின்னரே பற்றவைப்போ மெருகேற்றலோ நடைபெற வேண்டும். முன்சக்கர ஃபோர்க்கின் வழுக்குக் குழாய்களில் இருப்பது அலங்காரக் குரோமியம் அன்று. அது தடித்த கடினக் குரோமியம். அதற்கான தனிப் பட்டறையில் பூசி, அளவுக்குச் சாணைபிடிக்க வேண்டும். சுருள்வில், அச்சு, உயர்வலிமை போல்ட் ஆகியவற்றை அழகுக்காக முலாமிடுவது ஆபத்து. அமிலத்திலும் மின்தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் அத்தகைய எஃகினுள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். முலாமிட்டவுடன் சுமார் 200 பாகை செல்சியசில் பல மணி நேரம் சூடேற்றி அதை வெளியேற்ற வேண்டும். அவ்வசதி இல்லாத பட்டறைக்கு அப்பாகங்களைத் தராதிருப்பதே நன்று.

பளபளப்பின் மறுபக்கம்

குரோமியம் தாராவிக்குப் புதியதன்று. தமிழகத்திலிருந்து சென்றோர் அங்கு வளர்த்த தோல் தொழிலோடும் அது தொடர்புடையது. ஆனால் தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறம் கொண்ட குரோமியம். மரபான முலாம் தொட்டியில் உள்ளதோ ஆறு இணைதிறம் கொண்டது. இது மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகளைக் காற்றுறிஞ்சி இல்லாத அறையில் நாள்தோறும் சுவாசிப்பவரின் மூக்கின் நடுத்தண்டில் புண் ஏற்பட்டு, துளையே விழுவதுண்டு.

நிலமும் நீரும் தப்புவதில்லை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலை ஒன்று விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு, சுற்றுப்புற நிலத்தடி நீரை நெடுங்காலம் கெடுத்து வந்தது. நீர்நிலைகளில் விடும் ஆலைக் கழிவுநீரில் ஆறு இணைதிறக் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு விதி. எனவே காற்றுறிஞ்சியும், கையுறையும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடும் உள்ள பட்டறையைத் தேர்வது நம் பொறுப்பாகிறது. மூன்று இணைதிறக் குரோமியத்தால் முலாமிடும் பட்டறை கிடைக்குமாயின் இன்னும் நன்று. நிறம் சற்றே வேறுபடலாம். தொட்டியருகே நிற்பவருக்கு நேரும் தீங்கு வெகுவாகக் குறையும். இத்தகைய பட்டறையில் கூலி சற்றுக் கூடுதலாக இருப்பின், அதற்குக் காரணம் உண்டு.

சட்டம் சொல்வது

2021-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிக நோக்கமற்ற இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் பாரம்பரிய வாகனங்களாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருத்தல் கூடாது. துரு நீக்குவதும் மறுமுலாமிடுவதும் அத்தகைய மாற்றம் ஆகா. எனினும் அடிச்சட்ட எண், எஞ்சின் எண் ஆகியவை பொறித்த இடங்களைத் தேய்த்து மழுங்கச் செய்யாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழைக்கு முன்

மே மாத இறுதியில் ஒருமுறை மெழுகு பூசுதல், கடற்கரைச் சாலையில் சென்று வந்த அன்றே நன்னீரால் அலசித் துடைத்தல், ஈரத்தை அடைத்துவைக்கும் பிளாஸ்டிக் உறைக்கு மாற்றாகக் காற்றுப் புகும் துணியுறை இடுதல் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால், பட்டறைக்குச் செல்லும் நாளைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். மழைமாதங்களிலும் வாரம் ஒருமுறை உறையை நீக்கி, வண்டியைக் காற்றாட நிறுத்தி, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் போதுமானது.