கழிப்பறையை எண்ணினால் போதுமா?

ஒரு கிராமத்தில் கழிப்பறைகள் கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறைகிறது. திட்டம் வென்றுவிட்டதா? அந்த ஆண்டு மழை பொய்த்திருக்கலாம். ஊருக்குப் புதிய ஆழ்துளைக் கிணறு வந்திருக்கலாம். எது பலன் தந்தது என்று அறிய, திட்டம் வராத கிராமங்களையும் கூடவே கவனிக்க வேண்டும். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் ஏற்கெனவே வசதியுள்ள ஊர்களே பட்டியலில் முந்திக்கொள்ளும்.

ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் அப்படியோர் ஆய்வு நடந்தது. குலுக்கலில் வந்த 50 கிராமங்களில் மத்திய அரசின் முழு சுகாதாரத் திட்டத்தின்கீழ் கழிப்பறைகள் கட்டப்பட்டன. அங்கே கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. மற்ற 50 கிராமங்களில் 8-லிருந்து 12 சதவீதம்தான். ஆனால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் முந்தைய 7 நாட்களுக்குள் வயிற்றுப்போக்கு கண்டவர்கள் 8.8 சதவீதம்; ஒப்பீட்டுக் கிராமங்களில் 9.1. ஏறத்தாழ வித்தியாசமே இல்லை. 2014-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் இந்த முடிவை வெளியிட்டது.

காரணம் புரியாததல்ல. கட்டியவற்றில் பல முழுமை பெறவில்லை. கழிப்பறை இருந்த வீடுகளிலும் எல்லோரும் அதற்குப் போகவில்லை. கைக்குழந்தையின் மலத்தை வெளியே எறியும் பழக்கம் பரவலாக இருந்தது. ஊரில் சிலர் வெளியே போனாலும் கிருமி எல்லோர் வீட்டுக்கும் வரும்.

வங்கதேசத்தில் வேறு கதை. கழிப்பறையோடு, குழந்தை மலத்தை அள்ளிப்போடும் கரண்டியும் சிறு கழிப்பான்களும் தந்து, ஊழியர்கள் அடிக்கடி வீடுதேடி வந்து பேசினார்கள். திட்டம் பெறாத குழந்தைகளில் வயிற்றுப்போக்கு 5.7 சதவீதம்; திட்டம் பெற்றவர்களில் 3.5 சதவீதம்தான். ஊழியர்கள் அதைவிடக் குறைவாகவே வந்துபோன கென்யாவில், இதே மாதிரியான திட்டத்தால் வயிற்றுப்போக்கு குறையவில்லை. இரண்டு முடிவுகளும் 2018-ல் வெளிவந்தன.

அளவுகோலிலும் கவனம் வேண்டும். “போன வாரத்தில் ஒரே நாளில் மூன்று தடவைக்குக் குறையாமல் தண்ணியாப் போச்சாம்மா?” என்று கேட்டால், கழிப்பறை பெற்ற தாய் நன்றியுணர்வில் “இல்லை” எனலாம். அதனால்தான் மலத்தில் புழு முட்டைகளையும் குடிநீரில் ஈ.கோலை கிருமியையும் தேடுகிறார்கள்.

பூரியின் முடிவைக் காட்டிக் கழிப்பறையே வீண் என்பது தவறு. பெண்களின் மானமும் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆனால், கட்டிய எண்ணிக்கையை மட்டும் அறிவித்துத் திட்டத்தை மூடுவது குழந்தைகளுக்குச் செய்யும் அநீதி. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், எத்தனை குழந்தைகள் நோயின்றி இருக்கிறார்கள் என்ற இரு கணக்குகளையும் முதல் செங்கல் வைக்கும்போதே தொடங்குங்கள்.