காகிதப்பூ கொத்துக் கொத்தாய்ப் பூக்க...

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, துமா வீதியிலோ ரோமன் ரோலண்ட் வீதியிலோ ஒரு தடவை நடந்து பாருங்கள். மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம், அதன் மேல் கொட்டி வைத்த மாதிரி ரோஸ் நிறத்தில் வழியும் காகிதப்பூ! வெளியூர்க்காரர்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுக்காமல் போவதில்லை. ‘நம்ம வீட்டு காம்பவுண்டிலும் இப்படி ஒன்று இருந்தால்...’ என்ற ஆசை யாருக்குத்தான் வராது?

எனக்கும் வந்தது. ஆனால் மூன்று வருஷம் ஆகியும் எங்கள் வீட்டுக் கொடியில் பூ வரவில்லை. வந்தது முள்தான். அந்த முள் என் மாமியாரை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அதனால்தான் கொடி வளர்ப்பதைப் பற்றி ஆரோக்கியப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

பாரீஸில் இருக்கும் என் நாத்தனார் லீவுக்கு வந்திருந்தபோது, “எங்க வீட்டுச் சுவர்ல கிளமாடிஸ் கொடி எப்படிப் பூக்குது பாருங்க அண்ணி” என்று படம் காட்டினாள். அதையே இங்கே வைக்கலாமா என்றால், சரிப்படாது. பெரிய பூ விடும் கிளமாடிஸ் ரகங்கள் குளிர் தேசத்துக் கொடிகள். குளிர்காலத்தில் நன்றாகத் தூங்கி எழுந்தால்தான் அவற்றுக்குத் தெம்பு. நம்ம ஊர் கத்திரி வெயிலைத் தாங்காது. சுட்டெரிக்கும் வெயில், உப்புக்காற்று, தண்ணீர்த் தட்டுப்பாடு இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு சிரிப்பது காகிதப்பூதான்.

கப்பலில் கிடைத்த கொடி

காகிதப்பூவுக்குச் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1766-ல் பிரெஞ்சு மாலுமி போகன்வில் உலகைச் சுற்றிவரக் கிளம்பினார். அவருடன் போன தாவர அறிஞர் கொம்மெர்சோன் 1767-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இந்தக் கொடியைக் கண்டார். தலைவரின் பெயரையே வைத்தார். அதுதான் ‘போகன்வில்லா’.

இதில் ஒரு சுவையான சங்கதி உண்டு. கொம்மெர்சோனுக்குக் காலில் ஆறாத புண். அதிகம் நடக்க முடியாது. அவருக்கு உதவியாளராக வந்தவர் ழான் பாரெ என்ற பெண். கப்பலில் பெண்களுக்கு அனுமதி இல்லாததால் ஆண் வேஷத்தில் வந்தவர்! செடிகளைத் தேடி அலைந்ததில் அவர் பங்குதான் அதிகம். இந்தக் கொடியை முதலில் பறித்ததும் அவராகவே இருக்கலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்ற பெருமையும் அவருக்குத்தான்.

நாம் பூ என்று நினைத்து ரசிக்கும் கலர் இதழ்கள் உண்மையில் பூ இல்லை. நிறம் மாறிய இலைகள். உள்ளே உற்றுப் பாருங்கள். தீக்குச்சி மாதிரி மூன்று சின்ன வெள்ளைக் குழல்கள் தெரியும். அவைதான் நிஜமான பூக்கள்.

ஏன் பூக்கவில்லை?

பூக்காத கொடியைப் பார்க்க ஒரு தோட்டக்காரப் பெரியவரை அழைத்து வந்தேன். ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏம்மா, டெய்லி தண்ணி ஊத்துறீங்களா?”

“ரெண்டு வேளையும் ஊத்துறேன் ஐயா. மாசா மாசம் யூரியாவும் போடறேன்.”

“அதான் சங்கதி. ரொம்பச் செல்லம் குடுத்துட்டீங்க. கொஞ்சம் பட்டினி போடுங்க, தானா பூக்கும்.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் இந்தக் கொடி இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே போகும். கொஞ்சம் தாகம் எடுத்தால்தான் பூக்கிற வேலையைப் பார்க்கும். அவர் சொல்லிக்கொடுத்ததையும், பிறகு நானே செய்து பார்த்ததையும் வரிசையாகச் சொல்கிறேன்.

வெயில்: தினமும் ஐந்து, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எங்கள் கொடி மாமரத்து நிழலில் இருந்தது. எப்படிப் பூக்கும்?

மண்: தண்ணீர் தேங்கவே கூடாது. செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். தொட்டியின் அடி ஓட்டையை ஓட்டுச் சில்லால் லேசாக மூடுங்கள், அடைத்துவிடாதீர்கள். பெரிய தொட்டி தேவையில்லை. வேர் சற்று நெருக்கமாக இருந்தால் நன்றாகவே பூக்கும். தொட்டி மாற்றும்போது வேரைச் சுற்றியுள்ள மண் உதிராமல் அப்படியே தூக்கி வைக்க வேண்டும். இதன் வேர் ரொம்ப மென்மையானது.

தண்ணீர்: மேல் மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் நன்றாக ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். மொட்டு வர வேண்டிய பருவத்தில் இலை லேசாகத் துவளும்வரை காத்திருக்கலாம். இலை உதிரும் அளவுக்குக் காயப்போட்டால் கொடி தாங்காது.

உரம்: யூரியாவை நிறுத்துங்கள். இரண்டு மாசத்துக்கு ஒரு முறை மட்கிய உரம் இரண்டு கை, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கை போதும். வாழைப்பழத் தோல் சேர்த்து மக்க வைத்த உரமும் நல்லது.

வெட்டுதல்: இந்தக் கொடி புதுத் தளிரில்தான் பூக்கும். அதனால் வெட்டப் பயப்படாதீர்கள். நம்ம ஊரில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெருமழை. செப்டம்பரிலேயே தலைக்கனத்தைக் குறைத்துவிட்டால் புயல் காற்றில் சாயாது. 2011-ல் ‘தானே’ புயலையும், 2024 நவம்பர் 30-ந் தேதி கரை கடந்த ‘ஃபெஞ்சல்’ புயலையும் பார்த்த புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மழை ஓய்ந்ததும் ஜனவரியில் நன்றாக வெட்டிவிடுங்கள். தளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வரும். கிளை கூடினால் பூவும் கூடும்.

புதுச்செடி வேண்டுமானால், வெட்டிய கிளையில் பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வையுங்கள். பத்துக் குச்சி வைத்தால் சில பிழைக்கும்.

முள் விஷயம்

இனி என் மாமியார் கதை. அத்தைக்குச் சர்க்கரை வியாதி பன்னிரண்டு வருஷமாக. கொடியை வெட்டிய அன்று கிளைகளை வாரிக் குப்பையில் போட்டேன். உதிர்ந்த துண்டுகளை ஒழுங்காகப் பெருக்கவில்லை. மறுநாள் வெறுங்காலோடு துளசி மாடத்துக்குப் போன அத்தை, காய்ந்த முள்ளை மிதித்துவிட்டார். அவருக்கு வலியே தெரியவில்லை! மூன்றாம் நாள் படுக்கை விரிப்பில் ஈரக் கறையைப் பார்த்துத்தான் காலைத் தூக்கிப் பார்த்தோம். கட்டைவிரலுக்கு அடியில் சீழ்.

“இன்னும் நாலு நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்” என்றார் டாக்டர். சர்க்கரை பல வருஷம் இருந்தால் பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழந்துவிடும். ரத்த ஓட்டமும் குறையும். குத்துவது தெரியாது, புண்ணும் சீக்கிரம் ஆறாது. மருந்து, தினமும் கட்டு என்று ஒரு மாசம் பட்டபாட்டில் விரல் தப்பியது. அத்தை என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தல்.

முள் குத்தினால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மேலாகத் தெரிகிற முள்ளைச் சுத்தமான இடுக்கியால் எடுங்கள். ஆழமாக இருந்தால் ஊக்கால் நோண்டாமல் டாக்டரிடம் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்து மூட வேண்டாம். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். முழங்கால், விரல் மூட்டில் குத்தியபின் சில வாரம் கழித்து வீக்கம் வந்தாலும் முள் குத்தியதைச் சொல்ல மறக்காதீர்கள். உள்ளே தங்கிய முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஸ்கேனில் தெரிய வாய்ப்பு உண்டு.

மறக்க வேண்டாம்!

* வெட்டும்போது கனமான கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு, கண்ணாடி அவசியம். சிலருக்கு இதன் சாறு பட்டால் அரிக்கும்.

* வெட்டி முடித்ததும் இரண்டு முறை பெருக்குங்கள். முள் கிளைகளைக் கோணியில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

* குழந்தைகள் ஓடும் வழியில் கொடி வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. ராத்திரி படுக்குமுன் பாதத்தைப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

* தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை கொட்டி, நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த தட்டிலும் முட்டை உயிரோடு இருக்கும்.

தொட்டியை வெயிலுக்கு மாற்றி, யூரியாவை நிறுத்தி, ஜனவரியில் வெட்டிவிட்ட கொடி மார்ச் மாசம் பூத்தது. கொத்துக் கொத்தாக, இலையே தெரியாமல்! சாயங்காலம் அத்தை அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். எழுந்திருக்கும் முன் முதலில் தேடுவது செருப்பைத்தான். “ஏம்மா, பெருக்கிட்டியா?” என்று கேட்பதும் நிற்கவில்லை. பெருக்கிவிட்டேன் அத்தை, இரண்டு தடவை!