25 எழுத்து குறைஞ்சா இதயம் என்னாகும்?

திருத்தணி மலைக்கு 365 படி. எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும். ஆனால், போன ஆடிக் கிருத்திகைக்குச் சுலபமாக ஏறியவர், இந்த வருஷம் இருபதாம் படியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டால்? 'வயசாச்சில்ல...' என்று விட்டுவிடாதீர்கள்.

இதயத் தசைக்குள் இரண்டு வகைப் புரத இழைகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன, அதுதான் துடிப்பு. இழுவை தாறுமாறாகாமல் பிடித்து வைக்கும் கடிவாளம், 'மயோசின் பைண்டிங் புரோட்டீன்-சி' என்ற இன்னொரு புரதம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை எஸ். தண்டபாணி (பெயரிலேயே முருகன்!) துருவியது இதைத்தான். இதயத் தசை நோயாளிகள் பலருக்கு, இந்தப் புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகளைக் காணோம்! ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் கே. தங்கராஜ் உள்ளிட்ட குழுவோடு 2009-ல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் இதை வெளியிட்டார். இந்தியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இந்தக் குறை உண்டாம். இளமையில் சத்தமே காட்டாது. நடு வயசுக்கு மேல்தான் இதயம் தளர ஆரம்பிக்கும். அதுவும் எல்லோருக்கும் இல்லை, பயம் வேண்டாம்.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இதய வீக்கம், திடீர் மரணம் என்று உண்டா? டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். எக்கோ எடுக்கச் சொல்வார். படி எங்கே போய்விடப் போகிறது, அப்புறம் ஏறலாம்.