பரங்கிமலைக் கருங்கல்

சென்னையை அடுத்த பரங்கிமலையிலோ பல்லாவரத்துக் குன்றுகளிலோ புதிதாக உடைபட்ட ஒரு கற்சில்லைக் கையிலெடுத்துப் பார்த்தால், எண்ணெய் பூசித் துடைத்தாற்போன்ற மினுமினுப்பும், பசுமை கலந்த கருநிறமும், இடையிடையே நீலச்சாயல் கொண்ட குவார்ட்ஸ் மணிகளும் தெரியும். நாம் நிறத்தை வைத்து இதைக் கருங்கல் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பூகர்ப்ப சாஸ்திரமோ நிறத்தைப் பெரிதாகக் கொள்ளாமல், கல் உண்டான விதத்தையே ஆதாரமாகக் கொண்டு பாறைகளை மூன்று வர்க்கங்களாகப் பிரிக்கிறது.

பூமிக்குள் உருகிய குழம்பு ஆறி இறுகியது தீப்பாறை. அது ஆழத்தில் மெல்ல ஆறினால் மணிகள் பருத்த கிரானைட்டாகும், தக்காணத்தில் நிகழ்ந்ததுபோல் வெளியே வழிந்து விரைவில் ஆறினால் மணிகள் நுண்ணிய பசால்ட்டாகும். நீர் கொணர்ந்த மணலும் சேறும் கிளிஞ்சலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது படிவுப்பாறை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடற்பிராணிகளின் சுவடுகள் காணப்படுவது, அங்கே ஒரு காலத்தில் சமுத்திரம் பரந்திருந்தமைக்குச் சாட்சி. இவற்றுள் எதுவாயினும், முற்றும் உருகிவிடாமல் உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் வேற்றுருக் கொண்டால் அது உருமாறிய பாறை; சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாவது இவ்வாறே.

பரங்கிமலைக் கல் இவற்றுள் எவ்வர்க்கத்தது? கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் சமாதிமேல் கிடத்தப்பட்டிருக்கும் கல்லும் இதே இனம் என்று கண்டு, 1893-ல் இதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்ட தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர், இதைத் தீப்பாறை என்றே கொண்டார். பின்வந்த ஆராய்ச்சியோ, குழம்பிலிருந்து நேரே இறுகிய சார்னோக்கைட்டும் உலகில் உண்டு என்று ஒப்புக்கொண்டாலும், தென்னாட்டுச் சார்னோக்கைட்டில் பெரும்பகுதி, பூமிக்கடியில் பல மைல் ஆழத்தில், 700 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட உஷ்ணத்தில் உருமாறியது என்று காட்டியது. அதற்கு அடையாளம் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம்: தன்னுள் நீரை அடக்கிய கரிய அப்பிரகம், அந்த உஷ்ணத்தில் அந்நீரை இழந்து, அருகிலுள்ள குவார்ட்ஸோடு கூடி ஹைப்பர்ஸ்தீனாக மாறிவிடுகிறது.

இவ்வாறு ஒரு சிறு மணியின் மாற்றத்தைக் கொண்டு, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை மனிதன் அறிந்துகொள்கிறான் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கிறது. அத்தனை ஆழத்தில் உருவான கல்லின்மேல் இன்று நாம் படியேறி நின்று காற்று வாங்குகிறோமென்றால், அதன்மேல் கவிந்திருந்த பல மைல் கனமுள்ள பாறை முழுவதையும் மழையும் காற்றும் ஆறுகளும் அரித்துக்கொண்டு போய்விட்டன என்பதே பொருள்.