புழுவெட்டும் பூதக்கண்ணாடியும்

தலையிலோ தாடியிலோ மயிர் வட்டமாக உதிர்ந்துவிட்டால் நம்மவர் அதனைப் புழுவெட்டு என்பர். பெயரே காரணத்தையும் கூறிவிடுவதுபோல் நிற்பதால், மேலும் விசாரிப்பார் இலர். புழுவைக் கொல்வதாக எண்ணி ஆற்றுத்தும்மட்டிக்காயைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக் கொள்வோர் உளர். தொற்றுமென்று அஞ்சிக் குழந்தையை ஒதுக்கி உட்கார வைப்போரும் உளர். இவையெல்லாம் வீண் என்பதைக் கண்கூடாகக் காட்டும் கருவியொன்று இன்று தோல் வைத்தியர்களின் கைக்குள் அடங்கியிருக்கிறது.

டெர்மோஸ்கோப் எனப்படும் அக்கண்ணாடி, தன் விளக்கொளியில் தோலைச் சுமார் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். திரையில் காட்டும் வகைகள் இன்னும் பன்மடங்கு பெருக்கும். மயிரையும் தலைத்தோலையும் இவ்விதம் ஆராய்வதற்கு 2006-ம் வருஷத்தில் போலந்து தேசத்து வைத்தியர்கள் டிரைக்காஸ்கோபி என்று பெயரிட்டனர்.

இதன் கீழ்ப் புழு எதுவும் தென்படுவதில்லை. நுனி தடித்து அடி மெலிந்து ஆச்சரியக்குறிபோல் நிற்கும் குட்டை மயிர்களும், தோல் மட்டத்தில் ஒடிந்த கரும்புள்ளிகளும், மயிர்க்குழிகளை அடைத்த மஞ்சள் புள்ளிகளுமே தென்படும். (நமது கறுத்த மேனியில் மஞ்சள் புள்ளிகளைக் காண்பது சற்றுக் கடினம், கண் பழக வேண்டும்.) கிருமிகளை எதிர்க்க ஏற்பட்ட வெள்ளணுக்கள் தன் தேகத்து மயிர் வேரையே பகையெனக் கருதித் தாக்கியதன் சுவடுகள் இவை. பிறருக்குத் தொற்றுவதற்கு இங்கே யாதொன்றும் இல்லை. மயிர்க்குழிகளின் வாய் அழியாதிருப்பதால் மீண்டும் முளைக்கும் என்ற நம்பிக்கைக்கும் இடமுண்டு. வெறுங்கண்ணுக்குப் புலப்படுமுன்பே புதிய மெல்லிய முளைகளைக் கண்ணாடி காட்டிவிடும். வாய்களே மறைந்து தோல் வழுவழுத்திருந்தாலோ, அது தழும்பாக்கும் வேறு நோய்; அதில் தாமதித்தால் இழந்த மயிர் திரும்பாது.

குழந்தைகள் விஷயத்திலேதான் இவ்வேற்றுமை மிக முக்கியம். காளானால் வரும் தலைப்படையிலும் மயிர் திட்டாக உதிரும், அதுவே தொற்றுவது. அதில் மயிர் காற்புள்ளிபோலும் சுருள் கம்பிபோலும் வளைந்திருக்கும். அதற்குக் காளானைக் கொல்லும் மருந்தை வாரக்கணக்கில் உட்கொள்ள வேண்டும். புழுவெட்டுக்குரிய ஸ்டீராய்டு மருந்தை அதற்கு இட்டால் படை மேலும் பரவும்.

கடும் புழுவெட்டுக்கென பாரிசிட்டினிப் என்னும் மாத்திரையை 2022-ல் அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்தது. நோய் இன்னதென்று தெரியாதவனுக்கு அம்மாத்திரையால் என்ன பயன்? தாலுகா ஆஸ்பத்திரிதோறும் இக்கண்ணாடியும், அதனைக் கையாளக் கற்ற வைத்தியரும் இருத்தல் வேண்டுமெனக் கோருகிறோம். பின்தலையில் விழுந்த வட்டத்தை, உடையவன் அறியுமுன் நாவிதரே காண்கிறார். காயைச் சிபார்சு செய்யாது ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுமாறு அவரையும் வேண்டுகிறோம்.