மனநல சிகிச்சை: இலவச வாசலைக் காட்டும் கம்ப்யூட்டர்

வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டன. ரயில் டிக்கெட் எடுக்கிறோம். மின் கட்டணம் செலுத்துகிறோம். பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பார்க்கிறோம். இவற்றைவிட முக்கியமான ஒரு வேலைக்கும் அது பயன்படும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

வீட்டில் ஒருவர் மாதக் கணக்கில் தூங்காமல் இருக்கிறார். யாருடனும் பேசுவதில்லை. அல்லது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று தொடங்கிய குடி தினசரி ஆகிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்று யாராவது சொன்னால் உடனே எழும் கேள்விகள் இரண்டு. "ஊர் என்ன சொல்லும்?" என்பது ஒன்று. "எவ்வளவு செலவாகும்?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாததாலேயே பல குடும்பங்கள் சிகிச்சையைத் தள்ளிப் போடுகின்றன.

2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய இந்த ஆய்வில், மனநலப் பிரச்னை உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் சிகிச்சை பெறவில்லை என்று தெரிந்தது. சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்கள் மருத்துவத்துக்கும் பயணத்துக்கும் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை கைக்காசைச் செலவழித்திருந்தன. போதைப் பழக்கம் பற்றி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை தயாரித்து 2019-ல் வெளியான அறிக்கை இன்னும் கவலை தருகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார்.

இத்தனைக்கும் பைசா செலவில்லாத வழிகள் இருக்கின்றன. கூகுளில் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது அவை அல்ல என்பதுதான் சிக்கல். எந்த வாசலை முதலில் தட்டுவது, எதை அடுத்துத் தட்டுவது என்று பார்ப்போம்.

தேடும் முன்பு ஒரு நிமிடம்

வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லாருக்கும் பொதுவானது. நீங்கள் எதைத் தேடினீர்கள் என்பது பிரவுசரின் ஹிஸ்டரியில் பதிவாகும். பிறருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் கண்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய மூன்று கீகளைச் சேர்த்து அழுத்துங்கள். பயர்பாக்ஸ் என்றால் என் கீக்குப் பதிலாக பி. தனி விண்டோ ஒன்று திறக்கும். அதில் தேடியவை, விண்டோவை மூடியதும் ஹிஸ்டரியில் இருக்காது.

ஆனால் இரண்டை மறக்க வேண்டாம். இந்த விண்டோவில் டவுன்லோட் செய்த பைல்களும் சேர்த்து வைத்த புக்மார்க்குகளும் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும். மேலும், அலுவலகக் கம்ப்யூட்டரில் இப்படித் தேடினாலும் அலுவலக நெட்வொர்க்கை நிர்வகிப்பவர் நீங்கள் சென்ற தளங்களைப் பார்க்க முடியும்.

முதல் வாசல்: ஒரு போன்

"டெலி மானஸ்" என்று தமிழிலேயே டைப் செய்து தேடலாம். இது 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண். 14416 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்; கட்டணம் இல்லை. தமிழ் உட்பட 20 மொழிகளில் பேச முடியும். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் இணைப்பார். அல்லது பக்கத்து மருத்துவமனைக்கு வழி சொல்வார். 2024 அக்டோபரில் இதற்கென ஒரு ஆப்பும் வந்தது.

குடி, கஞ்சா, மாத்திரை போன்ற பழக்கங்களுக்கு 14446 என்ற எண் உள்ளது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் இந்தச் சேவைக்கும் கட்டணம் இல்லை. அரசு நிதியுதவியில் நடக்கும் மறுவாழ்வு மையம் உங்கள் பகுதியில் எங்கே இருக்கிறது என்று இங்கே கேளுங்கள். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. மனைவியோ, தாயோ, மகனோ அழைக்கலாம்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இணையத்தில் தேடிக்கொண்டு இருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காகச் சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050.

இரண்டாவது வாசல்: அரசு மருத்துவமனை

மனநலத்துக்கு அரசு மருத்துவமனை என்றாலே கீழ்ப்பாக்கம்தான் என்று நினைக்கிறோம். 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவும் போதை மீட்புப் பிரிவும் உள்ளன. ஆனால் அதற்காகச் சென்னைக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் பல ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருகிறார். டாக்டரைப் பார்க்கவும் மருந்து வாங்கவும் கட்டணம் இல்லை.

உங்கள் மாவட்டத்தின் பெயருடன் "மாவட்ட மனநலத் திட்டம்" என்று சேர்த்துத் தேடுங்கள். எந்தக் கிழமை டாக்டர் வருவார் என்பதை 104 என்ற மாநில மருத்துவ உதவி எண்ணில் கேட்டு உறுதி செய்து கொண்டு கிளம்பினால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் வீணாகாது.

இது யாரோ காட்டும் தயவு அல்ல. 2017-ல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களிடம் அதற்கான அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம். நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 23-வது பிரிவு.

தனியார் மையமா? இவற்றைப் பாருங்கள்

"போதை மறுவாழ்வு மையம்" என்று கூகுளில் தேடினால் மேலே சில முடிவுகள் "ஸ்பான்சர்டு" என்ற சொல்லுடன் வரும். அவை பணம் கொடுத்து வெளியிடப்பட்ட விளம்பரங்கள். மேலே இருப்பதால் அது நல்ல மையம் என்று அர்த்தம் இல்லை. அழகான கட்டடப் படமும் ஐந்து ஸ்டார்களும் அப்படித்தான்.

1. மனநல மையமும் போதை மீட்பு மையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

2. டாக்டரின் பெயரைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணைய தளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டில் தேடலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும்.

3. மொத்தக் கட்டணம், அதில் மருந்தும் சாப்பாடும் அடக்கமா, பாதியில் அழைத்து வந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை இமெயிலில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள்.

4. குடும்பத்தினர் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். பார்க்கவே கூடாது என்று சொன்னால் அங்கே சேர்க்க வேண்டாம்.

இத்தனை விசாரணை எதற்கு என்று தோன்றலாம். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் குணமாகட்டும் என்று கொண்டு வந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தினர்தான். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டத்தின் 95-வது பிரிவு இப்போது தடை செய்கிறது.

மருந்துச் செலவைக் குறைக்க

மனநல மருந்துகளை மாதக் கணக்கில், சில நேரம் ஆண்டுக் கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். பணம் இல்லை என்று பாதியில் நிறுத்துவதால் நோய் திரும்புவது உண்டு. நிறுத்துவதற்குப் பதில் விலையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் இருக்கும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் "பார்மா சஹி தாம்" என்ற சேவையில் மருந்தின் பெயரைக் கொடுத்தால் அதே மருந்தை வேறு கம்பெனிகள் என்ன விலைக்கு விற்கின்றன என்று தெரியும். மக்கள் மருந்தகங்களில் மூலப் பெயரிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. தமிழக அரசும் 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. வீட்டுக்கு அருகில் எது இருக்கிறது என்று மேப்பில் பார்க்கலாம். கம்பெனியை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில மருந்துகளை மாற்றும்போது கவனம் தேவை.

உங்கள் இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது?

உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மன நோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018-ல் இதைக் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது.

உங்கள் பாலிசியின் பிடிஎப் பைலைத் திறந்து கண்ட்ரோல், எப் ஆகிய இரு கீகளை அழுத்துங்கள். வரும் சிறிய பெட்டியில் "மென்டல்", "சைக்கியாட்ரிக்", "ஆல்கஹால்", "சப்ஸ்டன்ஸ்" ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாக டைப் செய்து எண்டர் தட்டுங்கள். அந்தச் சொல் வரும் இடமெல்லாம் காட்டும். பல பாலிசிகளில் குடி மற்றும் போதைக்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற விலக்கு இருக்கும். வழக்கமாக, மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் கிடைக்கும். டாக்டரைப் பார்த்து வரும் செலவு கிடைக்காது. பாலிசி எடுக்கும்போது பழைய சிகிச்சையை மறைக்காதீர்கள். பின்னால் கிளெய்ம் மறுக்கப்படலாம். நியாயம் இல்லாமல் மறுத்தால் ஆணையத்தின் "பீமா பரோசா" தளத்தில் புகார் செய்யலாம். அங்கும் தீராவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஒரு பைல், பல பயன்

எக்செல் போன்ற விரிதாளில் ஒரு பைல் திறந்து கொள்ளுங்கள். தேதி, டாக்டர், மருந்து, அளவு, செலவு, தூக்கம் எப்படி என்று ஆறு காலம் போதும். ஒவ்வொரு முறையும் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அதே போல்டரில் போடுங்கள். டாக்டர் மாறினாலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டாம். செய்த பரிசோதனையை மறுபடி செய்யும் செலவும் மிஞ்சும். பைலுக்குப் பாஸ்வேர்டு கொடுத்து வையுங்கள்.

கம்ப்யூட்டர் செய்யக் கூடாதது

பத்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உங்கள் நோய் என்ன என்று சொல்லும் தளங்கள் ஏராளம். அவற்றின் மதிப்பெண்ணை டாக்டரின் முடிவாக எடுத்துக் கொள்ளாதீர்கள். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை அனுப்புகிறோம் என்ற தளங்கள் பக்கமே போகாதீர்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் "மருந்து" ஆபத்தானது.

இன்னொன்று மிக முக்கியம். பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் அடியோடு நிறுத்தினால் வலிப்பு வரலாம்; உயிருக்கே ஆபத்து ஆகலாம். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த வைப்பது சரியல்ல. டாக்டரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நிறுத்திய பின் மீண்டும் தொடங்காமல் இருக்க ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் உதவும். கட்டணமோ சந்தாவோ கிடையாது. உங்கள் ஊர்ப் பெயருடன் சேர்த்துத் தேடினால் கூட்டம் நடக்கும் இடம் தெரியும்.

14416, 14446, 104, 108 ஆகிய நான்கு எண்களையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, கேஸ் புக்கிங் எண் ஒட்டியிருக்கும் அதே இடத்தில் ஒட்டுங்கள். வீட்டில் யாருக்குத் தேவைப்படும் என்று இப்போது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தேவைப்படுபவர் யாரிடமும் கேட்காமலே பார்த்துக் கொள்வார்.