ஒட்டு நரையும் ஒட்டாத நரையும்

காவிரிக்கரைத் திரை – 11

‘வியட்நாம் வீடு’ 1970-இல் வந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, வீட்டில் தன் சொல் எடுபடாமல் போவதைப் பார்த்துப் புழுங்கும் பிரஸ்டீஜ் பத்மநாபனாக நடித்தபோது சிவாஜி கணேசனுக்கு வயது 41. பத்மநாபனின் தம்பியாக நடித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1996-இல் ‘இந்தியன்’ தாத்தா வர்மப் பிடி போட்டபோது கமல்ஹாசனுக்கும் அதே 41தான்.

சிவாஜியைப் பற்றிப் பேச்செடுத்தால் தஞ்சாவூர்க்காரர்கள் சூரக்கோட்டைப் பண்ணையைச் சொல்லாமல் விட மாட்டார்கள். நம்ம ஊர்ப் பிள்ளை என்ற பாத்தியதை. அந்தப் பாத்தியதையோடேயே ஒன்று சொல்கிறேன்: பத்மநாபன் பெரிய நடிப்பு, ஆனால் அதில் நாம் பார்ப்பது முதுமையை அல்ல, முதுமையை ஒருவர் எவ்வளவு திறமையாகச் செய்து காட்டுகிறார் என்பதை. இருமல் எங்கே வரவேண்டும், கை எப்போது நடுங்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கைதட்டுகிறோம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் அப்பாவை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

நடிகைகள் கதை வேறு. நாயகன் ஒரு படத்தில் நரைத்துவிட்டு அடுத்த படத்தில் டூயட் பாடப் போய்விடலாம். மன்னார்குடியில் பிறந்த மனோரமாவுக்கு அந்த வசதி கிடையாது. அம்மா வேஷத்துக்கு அவரைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். 1988-இல் ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ வந்தபோது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டித்தான். ஒன்று மட்டும் மெச்சவேண்டும்: அந்தப் பாட்டி மூலையில் உட்கார்ந்து அழுகிற பாட்டி இல்லை. படத்தின் பெயரே அவள் பெயரில்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கிழவியின் தோளில் முழுப் படத்தையும் ஏற்றிவைத்த தமிழ்த் தயாரிப்பாளர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

ஒட்டாத நரை, அதாவது தலையில் தானாக வந்த நரை, நம் திரையில் நின்று நிதானமாகத் தெரிந்தது பாலு மகேந்திராவிடம்தான். ‘வீடு’ படத்தில் சொக்கலிங்க பாகவதர். பேத்தி கடன்பட்டு எழுப்பும் வீடு பாதியில் நிற்கிறது. முருகேசன் தாத்தா குடையை எடுத்துக்கொண்டு தனியாக அதைப் பார்க்கப் போகிறார். பூசாத சுவரைத் தொட்டுப் பார்க்கிறார், இது இந்த அறை, அது அந்த அறை என்று தனக்குள் நடந்து பார்க்கிறார். வசனம் கிடையாது. பிறகு அவர் வீட்டுக்குள் குடிபோகவில்லை, உலகத்தை விட்டே போய்விடுகிறார். கட்டடத்தைத் தொட்ட அந்தக் கைக்கு ஒப்பனைக்காரர் தேவைப்படவில்லை.

அடுத்து அவரையே வைத்து, தூர்தர்ஷனுக்காகக் கறுப்பு வெள்ளையில் ‘சந்தியா ராகம்’. கிராமத்தில் மனைவி இறந்துபோக, சென்னையில் உறவுப் பிள்ளை வாசுவின் வீட்டுக்கு வருகிறார் கிழவர். சின்ன வீடு, சின்னச் சம்பளம், மனைவி வேறு கர்ப்பிணி. யாரும் கெட்டவர்கள் இல்லை, இடம்தான் இல்லை. கடைசியில் முதியோர் இல்லம். வாசுவாக நடித்தவர் ஓவியர் வீர சந்தானம். நம்ம கும்பகோணத்துப் பக்கம் உப்பிலியப்பன் கோவிலில் பிறந்தவர், கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர். கிழவரை வெளியே போகச் சொல்லவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் அவர் முகத்தில் வந்துபோகும் அந்தச் சங்கடத்தை, முப்பது வருடம் நடித்த நடிகர் ஒருவர் கொஞ்சம் கூட்டியே காட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

2019-இல் மதுமிதா எடுத்த ‘கே.டி. (எ) கருப்புதுரை’யும் இந்த வரிசைதான். மயக்கத்திலிருந்து விழித்த கிழவரின் காதில், தனக்குத் தலைக்கூத்தல் செய்ய, அதாவது எண்ணெய் முழுக்காட்டிச் சாகவைக்க, பிள்ளைகள் பேசிக்கொள்வது விழுகிறது. வீட்டைவிட்டு ஓடிப்போகிறார், ஒரு சிறுவனோடு சேர்ந்து பிரியாணி தின்கிறார், ஆசைகளைப் பட்டியல் போடுகிறார். நடித்தவர் மு. இராமசாமி, தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தவர். அவர் பிரியாணி சாப்பிடுவதைப் பாருங்கள். பரிதாபத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இவ்வளவு பேரைக் கொடுத்த டெல்டா, படத்துக்குள் எங்கே? 2024-இல் ‘மெய்யழகன்’ தஞ்சாவூருக்கும் நீடாமங்கலத்துக்கும் கூட்டிப் போனது. மாமாவாக ராஜ்கிரண் வாஞ்சையாக இருந்தார். ஆனால் அது ஊரை விட்டுப் போனவர் திரும்பி வந்து பார்க்கிற படம். ஊரிலேயே கிடப்பவர்களின் படம் வேறு. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி நல்லாண்டியை வைத்து மணிகண்டன் ‘கடைசி விவசாயி’ எடுத்தார், தேசிய விருதும் கிடைத்தது. படம் வெளிவரும் முன்பே நல்லாண்டி காலமாகிவிட்டார். நம் பக்கத்தில் அதற்கு ஈடாக ஒன்று இல்லை. நாற்றங்காலில் குனிந்து, நாற்றைப் பறித்து, வேர்ச்சேற்றைக் காலில் தட்டி அலசி, முடி கட்டிப் போட்டே முதுகு வளைந்த பொம்பளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நடவுக்கு இயந்திரம் வந்த பிறகு நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு நிற்பவர்களும் அவர்களே. தமிழ் சினிமாவில் இவர்கள் நாயகன் பாடிக்கொண்டு போகும்போது பின்னால் வரிசையாகத் தெரிவார்கள், அவ்வளவுதான்.

அவர்களைக் குளோசப்பில் பார்க்க வேண்டுமானால் ஆவணப்படத்துக்குத்தான் போகவேண்டும். பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ 2005-இல் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டதை உயிர்பிழைத்தவர்களும் கண்டவர்களும் சொல்லும் படம். அன்று இருபது வயதாக இருந்தவருக்கே கேமரா முன் உட்காரும்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இதை முதுமை பற்றிய படம் என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. நான் ‘சந்தியா ராகம்’ பக்கத்தில்தான் வைப்பேன். கிழவர்கள் இதில் யாருடைய தயவுக்கும் காத்திருக்கவில்லை, அவர்கள் சொன்னால்தான் நமக்குத் தெரியும் என்ற இடத்தில் இருக்கிறார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிந்தால் நல்லது. ‘சந்தியா ராகம்’ நல்ல பிரதியாகக் கிடைப்பது கஷ்டம். அதன் நெகட்டிவே இல்லாமல் போய்விட்டது என்று பாலு மகேந்திரா சாகும்வரை சொல்லி வருந்திக்கொண்டிருந்தார்.

(தொடரும்)